பதினாலுக்கு அடுத்தது

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று எங்கள் வேதக்கோயில் தெருவில் சொல்லாதவர்கள் கிடையாது. சொல்லிவிட்டுப் போகட்டும். டில்லியில் ராஜாவுக்குத் தர்பார் நடந்த வருஷம், கார்த்திகை மாதம், அசனப் பண்டிகை அன்று காலையிலும் கோபத்தோடுதான் நான் வாழைக்குழிக்குப் போனேன்.

அசனம் என்றால் எங்கள் பக்கத்துச் சபைகளில் பெரிய கொண்டாட்டம். கோயில் வாசலில் பந்தல் போட்டு, ஊர் முழுக்க ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவோம். அந்த வருஷம் நானூறு இலை. சோறு வெந்துவிட்டது, ஆட்டுக்கறி கொதிக்கிறது, பிள்ளைகள் விடிந்ததிலிருந்து பந்தல் காலைப் பிடித்துச் சுற்றிச் சுற்றி ஓடுகிறார்கள். இலைக்கு ஒன்று வைக்க வேண்டிய பழத்தை மட்டும் காணோம். ஒரு மணிக்குப் பந்தி. மணி பத்தரை ஆகியும் ஒரு சீப்புகூட வந்து சேரவில்லை.

"நான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்" என்று கிளம்பினேன். தூறல் விழுந்ததால் உபதேசியார் தேவசிகாமணி தம்முடைய கறுப்புக் குடையை விரித்துக்கொண்டு கூடவே வந்தார். சபைக்கு ஜெபம் நடத்துகிறவர் அவர்தான். அந்தக் குடை பாளையங்கோட்டையில் வாங்கியது. பெற்ற மகனை அடித்தால்கூடப் பொறுத்துக்கொள்வார், குடையைத் தொட்டால் பொறுக்க மாட்டார்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெயர் யூனிஸ். பாளையங்கோட்டையில் மிஷன் ஆஸ்பத்திரியில் மூன்று வருஷம் பிரசவம் பார்க்கப் படித்தவள். ஸ்ரீவைகுண்டத்துக்கு மேற்கே, ஆற்றங்கரையிலுள்ள இந்த ஊருக்கு நர்ஸாக வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. வயது இருபத்து நாலு, கல்யாணம் ஆகவில்லை. இந்தக் கடைசி விஷயத்தில் என்னைவிட ஊருக்குத்தான் கவலை அதிகம். வெள்ளைச் சேலையில் நாடி பார்க்க ஒரு சின்னக் கடிகாரத்தைக் குத்தியிருப்பேன். அதை வைத்துத்தான் அன்றைக்கு நடந்ததை நிமிஷக் கணக்காகச் சொல்ல முடிகிறது.

வாழைக்குழி காந்திமதிநாதன் அண்ணாச்சியுடையது. தோப்பும் அவருடையதுதான். ஒன்றரை ஆள் ஆழம், ஒரு சின்ன அறை அகலம். மேலே பனங்கட்டை பரப்பி மண் போட்டு மூடியிருப்பார்கள். ஆள் இறங்க ஒரு வாய், புகை போட மூலையில் ஒரு சிறு துவாரம். காய்த்தார்களை உள்ளே அடுக்கி, பானையில் வாழைச்சருகையும் எருவையும் கொளுத்தித் துவாரம் வழியாகப் புகையை ஊதிவிட்டு, இரண்டு வாயையும் களிமண்ணால் பூசிவிட வேண்டியது. இதற்கு மூட்டம் போடுவது என்று பேர். இரண்டு நாள் கழித்துத் திறந்தால் காய் மஞ்சளாகச் சிரிக்கும். ஆனால் திறந்த உடனே யாரும் இறங்க மாட்டார்கள். விடியற்காலம் திறந்தால் உச்சி வரைக்கும் ஆற விடுவார்கள்.

அந்த வாரம் மழை, குளிர். காய் பழுக்கவில்லை என்று ஒன்றுக்கு இரண்டு தடவை புகை போட்டிருக்கிறார்கள். பத்து மணிக்குத்தான் வாயைத் திறந்திருக்கிறார்கள். "கால் மணி ஆறினா போதும்வே, பந்திக்கு நேரமாச்சு" என்று அண்ணாச்சி சொல்லியிருக்கிறார். மூலைத் துவாரத்தைத் திறக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அங்கே ஒரே உற்சாகம். ஐம்பது பேராவது கூடியிருப்பார்கள். குழிக்குள்ளிருந்து கணீரென்று பாட்டு வருகிறது.

"ஏழு எங்க மச்சானுக்கு, எட்டு எட்டூரு சந்தைக்கு..."

பாடுகிறவன் வன்னியராஜ். குழியில் இறங்க அந்த வட்டாரத்தில் அவனை விட்டால் ஆளில்லை. இறங்குகிறவன் பாடிக்கொண்டே வேலை செய்ய வேண்டும் என்பது அங்கே வழக்கம். ஒரு தாரில் கயிற்றைக் கட்டுவான், எண்ணைப் பாடுவான், மேலே இருப்பவர்கள் இழுப்பார்கள். நெல் அளக்கிறவர்கள் போல ஒன்று என்று சொல்ல மாட்டான், லாபம் என்றுதான் தொடங்குவான். "லாபம் எங்க ஆத்துக்கு, ரெண்டு ஏரு மாட்டுக்கு, மூணு முப்பிடாதிக்கு" என்று இருபது வரை போகும். பாட்டுக் கேட்கிற வரை ஆள் சௌக்கியம், பாட்டு நின்றால்தான் பயப்பட வேண்டும். அவன் அப்பன் காலத்திலிருந்து அப்படித்தான்.

குழியோரம் அவன் பெண்சாதி மாரித்தாய் மூன்று மாதக் கைப்பிள்ளையோடு நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் பிள்ளையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த அர்த்தம் ஒன்று உண்டு.

அந்தப் பிள்ளையைப் பிரசவம் பார்த்தவள் நான். கொடி கழுத்தைச் சுற்றிப் பிறந்தது. அழவில்லை, அசையவில்லை, உதடும் நகமும் நாவற்பழ நிறம். முதுகைத் தட்டினேன், குதிகாலைச் சுண்டினேன், ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பாளையங்கோட்டை ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொல்லித் தந்தபடி அதன் வாயையும் மூக்கையும் என் வாயால் மூடிப் பைய ஊதினேன். பத்தாவது ஊதலில் வீறிட்டது. மாரித்தாய் மட்டும் அதைப் பார்த்தாள். வேதக்காரி தன் மூச்சைப் பிள்ளைக்குள் விட்டாள் என்று வெளியே தெரிந்தால், வேதத்தில் சேராமல் முப்பிடாதி அம்மனைக் கும்பிடுகிற அவர்கள் வீட்டில் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

"அண்ணாச்சி, பழம் எப்போ வரும்? அடுப்படியில என் தலைய உருட்டுதாங்க" என்றேன்.

"இன்னும் எட்டே தாரும்மா. பாட்டக் கேளுங்க, இன்னைக்கு வன்னியராஜ் குரல் எப்படி இருக்குன்னு" என்றார் காந்திமதிநாதன் அண்ணாச்சி.

உண்மையில் அன்றைக்கு அவன் குரல் அபாரமாக இருந்தது. பன்னிரண்டாவது தார் வந்தது. "பதிமூணு படுத்த கிழவனுக்கு" என்றபோது நடுவில் அவனே சிரித்தான், மேலே எல்லோரும் சிரித்தார்கள். அந்தத் தாரும் வந்தது.

"பதினாலு பாக்க வந்த மாப்பிள்ளைக்கு" என்று பாடினான்.

தார் மேலே வந்தது, கயிறு மறுபடி கீழே போனது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "பதினாலு பாக்க வந்த மாப்பிள்ளைக்கு" என்றான். கூட்டம் சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தது. எனக்குப் புரிந்துவிட்டது. நான் வந்து நிற்பது கீழே இருக்கிறவனுக்குக் கேட்டிருக்கிறது, கிண்டல் செய்கிறான். ஒரு மாதத்துக்கு முன்னால்தான் நாசரேத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க ஒருவர் வந்து, என் வாய்க்குப் பயந்து திரும்பிப் போயிருந்தார். ஊருக்கே தெரிந்த கதை அது.

மூன்றாவது தடவையும் அதே அடிதான் வந்தது. அவன் மச்சினன், மாரித்தாயின் தம்பி பிச்சைக்கண்ணு கயிற்றை இழுத்தான், தார் இல்லாமல் வெறும் கயிறு வந்தது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

"நர்ஸம்மாவுக்கு மாப்பிள்ள கயித்துல வாரான் போல" என்று யாரோ சொன்னார்கள்.

எனக்கு வந்ததே கோபம். "அவன் மேல ஏறி வரட்டும், நான் பேசிக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றேன். அப்படி நின்றது முழுசாக ஒரு நிமிஷம் இருக்கும். அந்த ஒரு நிமிஷத்துக்காக இன்றைக்கும் என்னை நானே மன்னிக்கவில்லை.

அப்போது கீழேயிருந்து, "லாபம் எங்க ஆத்துக்கு" என்று கேட்டது.

மேலே ஆரவாரம் கிளம்பியது. ஒரே குழியில் இரண்டு லாபம், இதைவிட நல்ல சகுனம் உண்டா? அண்ணாச்சி கைகூப்பி முப்பிடாதியைக் கும்பிட்டார். கிழவர்கள்கூடக் கை தட்டினார்கள். எனக்குத்தான் உள்ளே சுருக்கென்றது. பத்து வயதிலிருந்து இந்தப் பாட்டைப் பாடுகிறவன் ஏன் தொடக்கத்துக்குப் போகிறான்? "லாபம்" என்றதில் நாக்கும் குழறியிருந்தது. அவன் கள்ளைத் தொடாதவன். குழி வாயில் குனிந்து பார்த்தேன். இருட்டில் முகம் தெரியவில்லை. மேலிருந்து விழுந்த வெளிச்சத்தில் கயிற்றைப் பிடித்திருந்த கை மட்டும் தெரிந்தது. முடிச்சுப் போட முயல்கிறது, முடியவில்லை, மறுபடி முயல்கிறது. நகங்கள் நாவற்பழ நிறம்.

அந்த நிறத்தை நான் எங்கே பார்த்தேன் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

பாளையங்கோட்டையில் டாக்டரம்மா எங்களுக்கு ஒரு தடவை எரிகிற மெழுகுவர்த்தியைக் கண்ணாடித் தம்ளரால் மூடிக் காட்டினார். சுடர் துள்ளி, சிறுத்து, அணைந்தது. பிராணவாயு குறைந்தால் மனுஷனும் இப்படித்தான் என்றார். ஆனால் மனுஷன் முதலில் இழப்பது மூச்சை அல்ல, புத்தியை என்றும் சொன்னார். முதலில் கணக்குத் தப்பும், கை சொன்னதைக் கேட்காது, காரணமில்லாமல் சந்தோஷம் வரும். நாம் நன்றாக இருக்கிறோம் என்று அவன் சத்தியம் செய்வான். அதற்குப் பிறகு கால் துவளும். மூச்சு நிற்பது எல்லாவற்றுக்கும் பிறகுதான். நாங்கள் அதை நோட்டில் எழுதிக்கொண்டோம். ஒருவன் பாடிக்கொண்டே சாவான் என்று அதில் எழுதியிருக்கவில்லை.

"ஏலே வன்னியராஜ், மேல வா. போட்டுட்டு ஏறு" என்று கத்தினேன்.

"நல்லா இருக்கேம்மா" என்று சிரித்தான். அடுத்து ஒரு மூட்டை விழுகிற சத்தம். பாட்டு நின்றுவிட்டது. கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து மணி நாற்பத்தொன்பது.

ஆரவாரம் அப்படியே அடங்கியது. மாரித்தாய் அலறினாள். பிச்சைக்கண்ணு தலைப்பாகையை வீசிவிட்டுக் குழிக்குள் குதிக்கப் போனான். எட்டி அவன் குடுமியைப் பிடித்தேன். சும்மா இல்லை, இரண்டு கையாலும்.

"விடுங்கம்மா, எங்க அத்தான் கெடக்காரு."

"நீயும் அங்கன போய்க் கெடக்கப் போறியா? உள்ள காத்து இல்லலே. புகை தின்னுருச்சு. போனா நீயும் சிரிச்சிக்கிட்டே விழுவ."

அவனுக்குப் புரிந்ததோ இல்லையோ, குடுமி வலித்ததில் நின்றான். எனக்கு மூளை எப்படி அப்படி ஓடியது என்று இப்போதும் ஆச்சரியம். மூலைத் துவாரத்தை உடைக்கச் சொன்னேன். ஒருவன் மண்வெட்டியால் ஓங்கி இரண்டு போட்டான், களிமண் பிளந்தது. அங்கே நின்ற பெண்கள் சுளகும் முறமும் கொண்டுவந்து விசிறத் தொடங்கினார்கள். அது போதாது. திரும்பி உபதேசியார் கையிலிருந்த குடையைப் பிடுங்கினேன்.

"யூனிஸ், அது பாளையங்கோட்டையில வாங்கின..." என்று அவர் தொடங்கினார்.

முடிக்க விடவில்லை. விரித்த குடையின் பிடியில் கயிற்றைக் கட்டிக் குழிக்குள் இறக்கி, மேலே இழுத்து, மறுபடி இறக்கச் சொன்னேன். கிணறு வெட்டுகிறவர்கள் செய்வதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். குடை ஒவ்வொரு தடவை மேலே வரும்போதும் கெட்ட காற்றை இழுத்துக்கொண்டு வரும், நல்ல காற்று உள்ளே போகும். நாலாவது இழுப்பில் இரண்டு கம்பி ஒடிந்தது. உபதேசியார் கண்ணை மூடிக்கொண்டார். ஜெபம் செய்தாரா, குடைக்காக அழுதாரா, தெரியாது. பிறகு கண்ணைத் திறந்து கயிற்றை அவரே வாங்கி இழுக்க ஆரம்பித்தார். அதற்காக அவரை நான் என்றைக்கும் மதிப்பேன்.

"பிச்சைக்கண்ணு, அணைக்கட்டுல முங்கிக் காசு எடுப்பியாமே. எவ்வளவு நேரம் முங்குவ?" என்று கேட்டேன்.

"அம்பது எண்ணுத வரைக்கும் இருப்பேன்."

"இதுவும் ஆறுதான். உள்ள தண்ணின்னு நெனச்சுக்கோ. மூச்ச இங்கன பிடிச்சா மேல வந்துதான் விடணும். இடையில ஒரு இழுப்பு இழுத்தியோ, நீ காலி. அத்தான் கக்கத்துல கயித்தக் கட்டு, வேற ஒண்ணும் செய்யாத. நாங்க நாப்பது எண்ணுவோம். நாப்பதுல ஒன்ன இழுத்துருவோம், கட்டினாலும் கட்டாட்டியும்."

அவன் இடுப்பில் ஒரு கயிறு, கையில் ஒரு கயிறு. பெரிதாக ஒரு மூச்சு வாங்கிக் கன்னம் புடைக்க இறங்கினான்.

"எண்ணுங்க" என்றேன். அத்தனை பேரும் ஒரே குரலில் லாபம் என்றுதான் தொடங்கினார்கள். பழக்கம் விடுமா? லாபம், ரெண்டு, மூணு. எனக்கு அந்தச் சொல் நெஞ்சில் குத்தியது. பத்தில் கீழே சருகு சரசரத்தது. இருபதில் ஒன்றும் கேட்கவில்லை. முப்பதில் மாரித்தாய் எண்ணுவதை நிறுத்திவிட்டு என் தோளைப் பிடித்தாள். முப்பத்தாறில் இரண்டாவது கயிறு வெடுக்கென்று ஆடியது.

"இழுங்கலே" என்று அண்ணாச்சி கத்தினார்.

முதலில் பிச்சைக்கண்ணு வந்தான். மண்ணில் விழுந்து, வாயைப் பிளந்து பிளந்து காற்றைக் குடித்தான். அடுத்து வன்னியராஜ் வந்தான், தலை தொங்க. வாழை இலையில் கிடத்தினார்கள். முகம் சாம்பல், உதடு நீலம், கண் பாதி திறந்திருந்தது. மார்பு அசையவில்லை. கழுத்தில் விரலை வைத்தேன். மெல்ல, விட்டு விட்டு, துடித்துக்கொண்டிருந்தது. இருதயம் ஓடுகிறது, மூச்சு இல்லை. கடிகாரம் பத்து ஐம்பத்து நாலு காட்டியது.

"போயிட்டானே" என்று அண்ணாச்சி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"போகல" என்றேன். அவன் தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கை இரண்டு விரலால் பிடித்து, குனிந்தேன். கூட்டம் ஒரு அடி பின்வாங்கியது. உபதேசியார் என் முழங்கையைத் தொட்டார்.

"யூனிஸ், ஊரு பாக்குது. கல்யாணம் ஆகாத பிள்ள நீ. அவங்க ஆளுகளும் நிக்காங்க."

நான் தயங்கினேன். பொய் சொல்ல மாட்டேன், தயங்கினேன். ஐம்பது ஜோடிக் கண்கள். இந்தப் பேச்சு பாளையங்கோட்டை வரை போகும், நாசரேத் வரை போகும். அடுத்த வருஷம் எந்தச் சபையில் எனக்கு வேலை கிடைக்கும்? வன்னியராஜின் சொந்தக்காரர்களில் ஒரு பெரியவர், "வேண்டாம் தாயி, செத்தவன் வாயில தீட்டுப் பண்ணாத" என்றார்.

அப்போது மாரித்தாய் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து என் எதிரே மண்டியிட்டாள். கைப்பிள்ளை இடுப்பில் இருந்தது.

"எம்பிள்ளைக்கு ஊதுனியளே, இவருக்கும் ஊதுங்க" என்றாள். பிறகு தன் ஆட்களைப் பார்த்துத் திரும்பினாள். "எல்லாரும் நல்லாக் கேட்டுக்கிடுங்க. இந்தப் பிள்ள செத்துப் பெறந்துச்சு. இவங்க வாய வச்சு ஊதித்தான் அழுதுச்சு. மூணு மாசமா நீங்க தூக்கிக் கொஞ்சுதது இவங்க மூச்சத்தான். தள்ளி வைக்கணும்னா என்னைய நாளைக்குத் தள்ளி வைங்க. இப்பம் வழிய விடுங்க."

நான் குனிந்து ஊதினேன்.

பிள்ளைக்கு ஊதுவது கன்னத்துக் காற்றால். இது அப்படியில்லை, அடிவயிற்றிலிருந்து தள்ள வேண்டும். புகை நாற்றம் என் தொண்டை வரை வந்தது. அவன் மார்பு எழும்பியது. நான் வாயை எடுத்ததும் இறங்கியது. மறுபடி ஊதினேன். ஆறு, ஏழு, எட்டு. எனக்கே கண்ணைச் சுற்றியது. பதினைந்தில் உதட்டின் ஓரம் வெளுத்தது. இருபதுக்கு மேல் எண்ணுவதை விட்டுவிட்டேன். பக்கத்தில் பிச்சைக்கண்ணு, நான் ஊதும்போதெல்லாம் தானும் ஊதிக்கொண்டிருந்தான். பாதிக் கூட்டமே அப்படித்தான் கன்னத்தை உப்பிக்கொண்டு நின்றது என்று உபதேசியார் பிறகு சொன்னார்.

திடீரென்று அவன் தொண்டையில் ஒரு விக்கல் எழுந்தது. இன்னொன்று. பிறகு துருத்தி இழுப்பது போல ஒரு நீண்ட மூச்சு, அவனே இழுத்தது. ஒருக்களித்துப் புரட்டினேன், வாந்தி எடுத்தான். நகத்தில் நீலம் கலைந்து சிவப்பு ஏறியது.

அந்தத் தோப்பில் கிளம்பிய சத்தம் பந்தல் வரை கேட்டதாம். கோயில் மணியை யாரோ காரணம் தெரியாமலே அடித்தார்கள். பிச்சைக்கண்ணு அண்ணாச்சியைக் கட்டிப்பிடித்துத் தூக்கிச் சுற்றினான். நானும் சிரித்தேன், அழுதேன், யாரையோ காரணமில்லாமல் திட்டினேன்.

ஐந்து நிமிஷம்தான் அந்தச் சந்தோஷம்.

அண்ணாச்சியின் கொட்டகையில் அவனைச் சாய்த்து உட்கார வைத்தோம். கண்ணைத் திறந்து எல்லோரையும் பார்த்துச் சிரித்தான். அழகான சிரிப்பு. மாரித்தாய் பக்கத்தில் போய், "என்னங்க" என்றாள்.

"யாரு வீட்டு அக்கா இது?" என்று கேட்டான்.

அவள் பிள்ளையைக் காட்டினாள். அதையும் பார்த்துச் சிரித்தான். "யாரு பிள்ள? நல்லாருக்கே" என்றான்.

டாக்டரம்மாவின் இன்னொரு பாடம் நினைவுக்கு வந்தது. மூச்சு திரும்புகிறவர்கள் எல்லோரும் முழுசாகத் திரும்புவதில்லை. அதிக நேரம் காற்றில்லாமல் இருந்துவிட்டால் உடம்பு மட்டும் வரும், ஆள் வர மாட்டான். சில பிள்ளைகள் அப்படி வளர்வதை ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறேன். தாய் முகம் தெரியாமல், எதைப் பார்த்தாலும் சிரித்துக்கொண்டு. அவன் விழுந்ததிலிருந்து மூச்சு வரும் வரை ஆறு, ஏழு நிமிஷம். அதற்கு முன்னால் நான் கோபித்துக்கொண்டு நின்ற ஒரு நிமிஷம்.

"பதினாலுக்கு அடுத்தது என்ன, சொல்லு பாப்போம்" என்று கேட்டேன்.

யோசித்தான். நெற்றி சுருங்கியது. "லாபம்" என்றான், பெருமையாக.

யாருக்கும் கை தட்டத் தோன்றவில்லை. மாரித்தாய் என்னைப் பார்த்தாள்.

பந்தி இரண்டு மணிக்கு நடந்தது. மேலே வந்திருந்த பதினாலு தாரிலிருந்தே நானூறு இலைக்கும் பழம் வைத்தார்களாம். நான் போகவில்லை. கொட்டகையிலேயே இருந்தேன். கால் மணிக்கு ஒரு தடவை அதே கேள்வி. பன்னிரண்டு மணிக்கு அவன் பதில் மாடு. ஒரு மணிக்குப் பதினாலு. இரண்டு மணிக்கு என்னைப் பார்த்து, "தலை வலிக்கு, சும்மா இருங்களேன்" என்று முனகினான். எனக்கு அது கொஞ்சம் தெம்பாக இருந்தது. என்னைப் பார்த்து எரிந்து விழுகிறவன் பாதியாவது தேறியவன் அல்லவா? ஆனால் மூன்று மணிக்கும் மாரித்தாயை அக்கா என்றுதான் கூப்பிட்டான். அவள் "சொல்லு தம்பி" என்று பதில் சொல்லி நீராகாரம் கொடுத்தாள். நான் வெளியே போய் வாழை மரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டு வந்தேன்.

நாலு மணி சுமாருக்குத் தூறல் விட்டது. உபதேசியார் ஒடிந்த குடையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எங்களுக்குச் சோறு கொண்டுவந்தார். மாரித்தாய் காலையிலிருந்து சாப்பிடவில்லை, பால் வற்றிவிட்டதோ என்னவோ, பிள்ளை சிணுங்கத் தொடங்கியது. பிறகு வீறிட்டு அழுதது. பிறந்த அன்று அழுத அதே அழுகை. அவள் தட்டிக் கொடுத்தாள், ஆட்டினாள், அது அடங்கவே இல்லை.

வன்னியராஜ் சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தான். கண்ணைத் திறக்காமலே, சலித்துக்கொள்கிற குரலில் அவன் வாய் அசைந்தது.

"பதினஞ்சு... பசிச்சு வந்த பிள்ளைக்கு."

எனக்குக் காது தப்பாகக் கேட்கிறதோ என்று இருந்தது. உபதேசியார் கையிலிருந்த சோற்றுச் சட்டி அப்படியே நின்றது.

"என்னல சொன்ன?" என்றேன்.

அவன் கண்ணைத் திறந்தான். இந்த முறை சிரிப்பு இல்லை. அந்தச் சிரிப்புப் போனதைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. நேரே பெண்சாதியைப் பார்த்து, "ஏட்டி மாரி, பிள்ள பசிச்சு அழுது, கேக்கலையா? யாரு வாயப் பாத்துக்கிட்டு நிக்க?" என்றான்.

மாரித்தாய் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரித்தாள், அழுதாள், பிள்ளையை மார்போடு சேர்த்துக்கொண்டு அவன் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அவன் ஒன்றும் விளங்காமல் சுற்றிப் பார்த்தான். "நான் எப்படி இங்கன வந்தேன்? குழியில ஆறு தாரு கெடக்கே. சொகமா, ஆத்துல மல்லாக்க மெதக்குத மாதிரி இருந்துச்சு. அப்படி ஒரு சந்தோசம் எனக்கு வந்ததே இல்ல. என்னைய ஏன் தூக்குனிய?" என்றான்.

அவன் கன்னத்தில் ஒரு அறை விடலாம் போலிருந்தது. விடவில்லை. எதிரே உட்கார்ந்து, "பதினஞ்சுக்கு அடுத்தது சொல்லு" என்றேன். சொன்னான். இருபது வரை சொல்ல வைத்தேன். பிறகு இருபதிலிருந்து கீழே இறங்கச் சொன்னேன். லாபம் வரை தப்பாமல் வந்து சேர்ந்தான்.

"இன்னொரு தடவை" என்றேன்.

"ஏம்மா, பாளையங்கோட்டையில படிச்சியளே, ஒங்களுக்கு எண்ணத் தெரியாதா?" என்றான்.

"தெரியாது. நீ சொல்லு" என்றேன். அதற்கு மேல் கண்ணீரில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவன் லாபத்திலிருந்து மறுபடியும் தொடங்கினான்.